கடல் காசும் கரை மருத்துவமனையும்

முத்துக்குளித்துறை வரலாறு – 17

தோணிகள் கரை சேர்ந்ததும் அன்றன்று அள்ளி வந்த சிப்பிகள் மூன்று குவியலாகப் பிரியும். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று மூழ்கி எடுத்தவர்களுக்கு. பிரிட்டிஷ் ஆட்சியில் தூத்துக்குடி முத்துக்குளிப்பு இந்தக் கணக்கில்தான் நடந்தது. சென்ற இதழில் இந்தப் பங்கீட்டின் கதையைப் பார்த்தோம். சர்க்காருக்குப் போன இரண்டு பங்கும் ஏலத்தில் பணமாகி மாகாணக் கருவூலம் சேர்ந்த பிறகு, அதில் எவ்வளவு இந்தக் கரைக்குத் திரும்பியது என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். மருத்துவமனைகளை வைத்து அந்தக் கேள்விக்கு விடை தேடுவது இந்த அத்தியாயம். கரையோர ஊர்களில் ஒரு சிறிய தர்மாஸ்பத்திரி திறப்பது எந்தக் காலத்திலும் பெரிய காரியமாக இருந்ததில்லை. பத்து வருஷம் கழித்தும் அங்கே மருந்து இருக்க வேண்டும், மருந்து கொடுக்க ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் காரியம். அதற்குச் சட்டம் எப்போதெல்லாம் கைகொடுத்தது, எப்போதெல்லாம் கைவிட்டது என்பதைத் தொடர்ந்து பார்த்தால் இந்தக் கடற்கரையின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு நிதி வரலாறே அதற்குள் இருக்கிறது.

அரசியின் செருப்புப் பணம்

முதல் உதாரணம் 1540களில் கிடைக்கிறது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துகீசியர் பாதுகாப்பில் வந்த பிறகு ஆண்டுதோறும் கட்டிய வரியில் 4,000 பொன் பணம், போர்ச்சுகல் அரசி கத்தரீனாவின் செருப்புச் செலவுக்கென்று பெயரிட்டு ஒதுக்கப்பட்டிருந்தது. முத்தெடுத்தவர்களின் காசு லிஸ்பன் அரண்மனைக்குக் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தது. 1542இல் இங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், அந்தத் தொகையை இந்தக் கரையிலேயே வேதம் கற்பிக்கும் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்குத் திருப்பிவிடும்படி வேண்டினார். அரசி இசைந்தார்.

அந்தப் பணம் மருத்துவமனைக்குப் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் நம் கதைக்கு வேண்டிய முறை அங்கே முதன்முதலாகத் தெரிகிறது. இன்ன வருவாய், இன்ன செலவுக்கு, இத்தனை தொகை என்று ஆட்சியாளரே எழுத்தில் ஒதுக்கிவிட்டால், கீழே இருக்கும் அதிகாரி அதைத் தன் விருப்பப்படி வேறு பக்கம் திருப்புவது கடினம்.

சவேரியாருக்குப் பின் இங்கே நெடுங்காலம் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனை வைத்தார். தமிழில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான தம்பிரான் வணக்கத்தை 1578இல் கொல்லத்தில் வெளியிட்டவர் என்று இவரைத் தமிழர்கள் அறிவார்கள். புன்னைக்காயல் மருத்துவமனை ஊரார் கொடுத்த நன்கொடையிலும், குற்றங்களுக்கு விதித்த தண்டப் பணத்திலும் நடந்தது. ஊர் தன் மருத்துவத்துக்குத் தானே நிதி வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. அதன் பலவீனமும் வெளிப்படையானது. சிப்பி விளையாத வருஷம் நன்கொடை குறையும். துறையைப் படை தாக்கினால் ஊரே இடம்பெயரும். 1553இல் புன்னைக்காயலுக்கு நேர்ந்தது அதுதான். நிதிக்கு மேலே நின்று காக்கும் ஒரு சட்டமோ, நல்ல வருஷத்து மிச்சத்தைக் கெட்ட வருஷத்துக்குச் சேர்த்து வைக்கும் ஒரு நிதியமோ அன்று இல்லை.

ரூபாய்க்கு ஒரு அணா

அடுத்த பெரிய திருப்பத்துக்கு 1870 வரை காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று வைசிராய் மேயோ பிரபுவின் அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. சிறை, போலீஸ், கல்வி, சாலை, மருத்துவம் முதலான துறைகளை மாகாணங்களிடம் விட்டு, அவற்றுக்கு ஒரு நிலையான தொகையை மட்டும் மத்திய அரசு தரும்; பற்றாக்குறையை மாகாணங்களே ஈடுகட்ட வேண்டும். காகிதத்தில் இதன் பெயர் அதிகாரப் பரவல். நடைமுறையில் செலவைக் கீழே இறக்கிவிட்டதுதான்.

சென்னை மாகாணம் மறு ஆண்டே இரண்டு சட்டங்களால் பதில் சொன்னது. நகரங்களுக்கு 1871ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம். கிராமப்புறங்களுக்கு 4ஆம் எண் உள்ளூர் நிதிச் சட்டம். 1866இலேயே நகராட்சியாகியிருந்த தூத்துக்குடி முதல் சட்டத்தின் கீழ் வந்தது. முந்தைய 1865ஆம் ஆண்டுச் சட்டத்தில் நகர வரியின் பெரும்பகுதியைப் போலீஸ் செலவே தின்றது. புதிய சட்டம் மருத்துவமனை, மருந்தகம், அம்மை குத்துதல், பள்ளிக்கூடம் ஆகியவற்றை நகராட்சியின் கடமைகளுக்குள் கொண்டுவந்தது. கிராமங்களில் நிலத்தின் மீது ரூபாய்க்கு ஒரு அணா வரை கூடுதல் வரி விதித்து அதை உள்ளூர் நிதியில் சேர்க்க வழி பிறந்தது. சாலை, சத்திரம், பள்ளி, மருந்தகம் எல்லாம் அந்த நிதியில் நடக்க வேண்டும். 1884இல் வந்த 4ஆம், 5ஆம் எண் சட்டங்கள் இதையே விரித்து, மாவட்ட வாரியம், தாலுகா வாரியம், யூனியன் என்று மூன்று அடுக்காக்கின. தமிழ்நாட்டின் பழைய ஊர்களில் "லோக்கல் பண்டு ஆஸ்பத்திரி" என்று பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் இந்தச் சட்டங்களின் பிள்ளை.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஒரு தனவந்தரின் கருணைக்கோ, மிஷனரி சங்கத்துக்குக் கடல் கடந்து வரும் காணிக்கைக்கோ காத்திராமல், வரி கட்டும் குடிகளின் உரிமையாக மருந்து கிடைக்க முதன்முறையாக வழி ஏற்பட்டது. இதே காலத்தில் நாசரேத்தில் டாக்டர் ஸ்ட்ராச்சன் 1870இல் தொடங்கிய எஸ்.பி.ஜி. மிஷன் மருத்துவப் பணி, தேரிக்காட்டு ஊர்களுக்குப் பெரும் தொண்டு செய்தது. அத்தகைய தொண்டு எட்டாத ஊர்களுக்கும் மருந்து போய்ச் சேர உள்ளூர் நிதி ஒன்றே வழியாக இருந்தது.

ஆனால் கடற்கரைக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. உள்ளூர் நிதி நிலத்தை நம்பியது. தாமிரபரணிப் பாசனத்து நஞ்சை நிலத்தில் ரூபாய்க்கு ஒரு அணா நல்ல வருமானம். வேம்பாரிலும் வைப்பாரிலும் மணப்பாட்டிலும் நிலம் ஏது? கரை முழுக்க மணலும் உப்பும். மறுபுறம் விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரிக் கரிசல். இந்தக் கரையின் உண்மையான செல்வம் முத்தும் சங்கும் உப்பும் துறைமுகமும். முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பார்களும் சங்குக்குளிப்பும் மாகாண அரசின் உடைமை. உப்பு வரியும் சுங்கமும் மேலிடத்துக் கணக்கு. ஆகவே, பெருஞ்செல்வம் ஈட்டிக் கொடுத்த கரைக்கு, உள்ளூர் நிதிக் கணக்கில் ஏழைத் தாலுகா என்ற பெயர்தான் மிஞ்சியது. கடல் தந்த காசு கடற்கரைக்குத் திரும்பும் வாய்க்காலை 1871ஆம் ஆண்டுச் சட்டம் வெட்டவில்லை.

அக்கரையில் ஒரு சட்டம்

1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. ஆழமில்லாத துறை என்பதால் நீராவிக் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரமிடும். சரக்கும் ஆட்களும் படகில் போய் ஏறுவார்கள். அப்படி ஏறியவர்களில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன திருநெல்வேலிச் சீமைத் தமிழர்கள் ஆயிரம் ஆயிரம் பேர்.

அவர்கள் போய்ச் சேர்ந்த தீவில் 1872இல் மருத்துவத் தேவைச் சட்டம் ஒன்று வந்தது. தோட்டத் தொழிலாளர் சாவு எண்ணிக்கையைக் கண்டு எழுந்த கண்டனத்துக்குப் பின் வந்த சட்டம். தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, அங்கே மருத்துவமனையும் மருந்தகமும் நடத்தும் செலவில் தோட்ட முதலாளிகளுக்கும் பங்கு வைத்தது. முதலில் ஏக்கர் கணக்கில் வசூலித்தார்கள். 1880களில் அது தோட்ட விளைபொருள் ஏற்றுமதி மீதான தீர்வையாக மாறியது. கப்பலேறும் காப்பியும் தேயிலையும், அவற்றைப் பறித்த கைகளுக்கு வைத்தியம் செய்யப் பணம் கட்டின.

தோட்ட மருத்துவமனைகளில் நடந்த குறைகள் பல. லயத்திலிருந்து நோயாளியைத் தொட்டிலில் தூக்கிப் போகும் தூரமே பலர் உயிரைக் குடித்திருக்கும். எனினும் நிதி வகுத்த முறையில் சென்னைச் சட்டத்தைவிட இலங்கைச் சட்டம் தெளிவானது. எந்தத் தொழிலில் மனிதர் நோயுறுகிறாரோ அந்தத் தொழிலின் வருவாயிலேயே மருத்துவத்துக்குப் பங்கு வைத்தது. அக்கரையில் ஏற்றுமதிக்குச் செய்ததை இக்கரையில் முத்துக்குச் செய்திருக்கலாம். சர்க்காரின் இரண்டு பங்கில் ஒரு சிறு துளியைச் சட்டப்படி இந்தக் கரையின் ஏழு கடல் துறைகளின் மருந்தகங்களுக்கு ஒதுக்கியிருக்கலாம். அப்படி ஒரு பொதுச் சட்டம் வரவில்லை.

கப்பல் கட்டிய அணா

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சட்டம் கடலின் பக்கம் திரும்பிப் பார்த்தது. 1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகங்கள் சட்டத்தில் மருத்துவமனைத் துறைமுகக் கட்டணம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. துறைமுகத்துக்குள் வரும் கப்பலிடம், வழக்கமான கட்டணத்துக்கு மேல், டன்னுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் ஒரு தொகை வசூலிக்க அரசு ஆணையிடலாம். அந்தப் பணத்தை மாலுமிகளுக்கு ஏற்ற பொது மருத்துவமனைகள், மருந்தகங்களைத் தாங்கவும், கப்பல்களில் இருப்போர் உடல்நலம் பேணவும் மட்டுமே செலவிட வேண்டும். வரவு செலவை ஆண்டுதோறும் அரசிதழில் வெளியிடவும் வேண்டும்.

இந்தப் பிரிவை எழுதியவர்கள் நிதிப் பாதுகாப்பின் மூன்று அங்கங்களையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டார்கள்: வருவாய் எங்கிருந்து வரும், அது எந்தச் செலவுக்கு மட்டும் போகும், கணக்கை யார் பார்க்கலாம். நான் படித்த பழைய சட்டங்களில் இவ்வளவு சுருக்கமாக இதைச் செய்தது வேறில்லை. ஆனால் அதன் எல்லையும் அதிலேயே இருக்கிறது. "வசூலிக்கலாம்" என்பது கட்டாயம் இல்லை. காப்பாற்றப்பட்டவர் கப்பலோட்டி. சரக்கை முதுகில் சுமந்தவர், தோணித் தண்டயல், உப்பளத்தில் காலும் கண்ணும் வெந்தவர், கிளாத்தி மீன் முள் குத்திய மீனவர் எல்லாரும் அந்த அணாவுக்கு வெளியே நின்றார்கள்.

துறை அமைச்சரிடம், பெட்டி வேறிடம்

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் இரட்டையாட்சியைக் கொண்டுவந்தபோது, மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்களிடம் வந்தன; நிதியோ கவர்னரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தது. அமைச்சர் கேட்க வேண்டும், வேறொருவர் கொடுக்க வேண்டும். பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி அமைச்சரவை அந்த இக்கட்டுக்குள்ளும் 1924இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தகுதி பெற்ற மருத்துவர் ஒருவர் கிராமத்தில் குடியிருந்து வைத்தியம் பார்த்தால் அவருக்கு ஆண்டு மானியம். கட்டடம் எழுப்பிச் சம்பளப் பட்டியல் போடாமல், மருத்துவரைக் கிராமத்துக்கு அழைத்துவரும் வழி. சென்னை மாகாணத்தின் மானிய மருந்தகங்கள் பின்னாளில் நாடு முழுதும் பேசப்பட்டன.

ஆனால் மானியம் சட்டம் ஆகாது. வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி. அடுத்த ஆண்டு அந்த வரியைக் கோடிட்டு அடிக்க முடியும். 1929க்குப் பின் வந்த உலகப் பொருளாதார மந்தம் விளைபொருள் விலையைச் சரித்தது. நிலவரியை நம்பிய வாரியங்கள் தள்ளாடின. 1934இல் தாலுகா வாரியங்களே கலைக்கப்பட்டன. மந்தத்தில் முதலில் குறைவது எது? சாலைக்கு ஒப்பந்தக்காரர் குரல் கொடுப்பார். பள்ளிக்கு ஆசிரியர் குரல் கொடுப்பார். ஆஸ்பத்திரிக்காகக் குரல் கொடுக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்திருப்பார். அதனால்தான் மருத்துவ நிதிக்கு மற்றவற்றைவிடச் சட்டத்தின் காவல் அதிகம் தேவைப்படுகிறது.

முப்பதும் பன்னிரண்டரையும்

அந்தக் காவலை இந்தியாவிலேயே முதலில் முயன்றது சென்னை. 1937இல் ராஜாஜி அமைச்சரவை பதவியேற்றபோது பொதுச் சுகாதாரம் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனிடம் வந்தது. திருச்சியில் மருத்துவமனை நடத்தியவர். வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் முன்னின்றவர். மருந்துப் பெட்டி எப்போது காலியாகும் என்பதை நேரில் அறிந்த ஒருவர் அமைச்சர் நாற்காலியில் இருந்த காலத்தில் 1939ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டமாக சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. நாட்டின் முதல் முழுமையான பொதுச் சுகாதாரச் சட்டம் இதுவே. தொற்றுநோய், குடிநீர், சாக்கடை, சந்தை, திருவிழா என்று பலவற்றை அது பேசுகிறது. நம் கதைக்கு வேண்டியது நிதி பற்றிய ஏற்பாடு.

ஒவ்வொரு நகராட்சியும், அரசு மானியம் நீங்கலான தன் மொத்த வருவாயில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கென ஒதுக்க வேண்டும். மாவட்ட வாரியம் பன்னிரண்டரை சதவீதம். மருத்துவ உதவிச் செலவு இதில் அடங்கும். குடிநீர் வழங்கல், சாக்கடைச் செலவு அடங்காது.

கடைசி வாக்கியத்தைத் தூத்துக்குடிக்காரர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். தண்ணீருக்குத் தவித்த ஊர் இது. நகராட்சித் தலைவராக ஐந்து முறை இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை நகருக்குக் கொண்டுவரப் பாடுபட்ட கதை இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். அத்தகைய பெருந்திட்டம் ஒரு நகராட்சியின் வருவாயை எவ்வளவு இழுக்கும்! "தண்ணீரும் சுகாதாரம்தானே" என்று அந்தச் செலவையும் 30 சதவீதத்துக்குள் எழுதிவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் மிஞ்சாது. சட்டம் எழுதியவர்கள் அந்த வாசலை முன்கூட்டியே அடைத்தார்கள். நிதியைக் காக்க விகிதம் மட்டும் போதாது, எதையெல்லாம் அந்த விகிதத்தில் சேர்க்கக்கூடாது என்பதையும் எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

காலம் ஒத்துழைக்கவில்லை. அதே 1939 செப்டம்பரில் உலகப்போர் வெடித்தது. மக்களைக் கேளாமல் இந்தியாவைப் போரில் இழுத்ததைக் கண்டித்து அக்டோபரில் அமைச்சரவை விலகியது. சட்டத்தைப் பெற்றவர்கள் அதை வளர்க்க இல்லை. 1946 வரை கவர்னர் ஆட்சி. ஆனால் எண்ணம் சாகவில்லை. சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு 1946இல் அளித்த அறிக்கை, உள்ளாட்சிகள் வருவாயில் குறைந்தபட்சப் பங்கைச் சுகாதாரத்துக்குச் செலவிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்று பிற மாகாணங்களுக்கும் இதே விகிதங்களைப் பரிந்துரைத்தது.

குறையையும் சொல்லியாக வேண்டும். விகிதம் சொந்த வருவாயின் மீது விழுகிறது. பணக்கார நகராட்சிக்கு முப்பது சதவீதம் ஒரு நல்ல மருத்துவமனை. ஏழை வாரியத்துக்குப் பன்னிரண்டரை சதவீதம் சில மருந்துப் புட்டிகள். கடற்கரையின் செல்வம் உள்ளாட்சியின் கணக்கில் சேராதவரை, கடற்கரை மருந்தகத்துக்கு விகிதம் எவ்வளவு உயர்ந்தாலும் பலன் சிறிதே. 1871இல் இருந்த ஓட்டை 1939இலும் அடைபடவில்லை.

பை மாறியது

விடுதலைக்குப் பின் மருத்துவத்தின் பாரத்தை மாநிலமே தோளில் ஏற்றுக்கொண்டது. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியதை ஒட்டி ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. 1958ஆம் ஆண்டுச் சட்டங்கள் பஞ்சாயத்து யூனியன்களை அமைத்தன. மாவட்ட வாரியங்கள் விடைபெற்றன, அவற்றோடு அவற்றின் பணப்பையும். ஏழைத் தாலுகாவுக்கு இது பெரிய ஆறுதல்: வேம்பாரின் மருந்து இனி வேம்பாரின் வரியை நம்பி இருக்க வேண்டியதில்லை. இன்று தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பெற்றிருக்கும் நல்ல பெயருக்கு அடித்தளம் இந்த மாநிலப் பொறுப்பேற்பு.

இழந்ததும் உண்டு. ஊர் தன் ஆஸ்பத்திரிக்கென்று செலவிடக்கூடிய ஒரு ரூபாய் கூட ஊரின் கையில் இல்லாமல் போனது. உடைந்த குழாய்க்கும் மேலிடத்து அனுமதி. 2005இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கம் இந்த நோவை உணர்ந்து, துணை சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டற்ற நிதி கொடுத்தது. மருத்துவமனைகளுக்கு நோயாளர் நலச் சங்கங்களை அமைத்தது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. கீழே தள்ளிய பொறுப்பை மேலே எடுத்து, மீண்டும் கீழே இறக்கும் பயணம் இது. இந்த முறை பொறுப்போடு பணமும் இறங்குவது நல்ல மாற்றம். ஆனால் இவை திட்டங்கள், பரிந்துரைகள், காலக்கெடு உள்ளவை. காலக்கெடு முடிந்தபின் ஒரு துணை நிலையத்தின் செவிலியர் யாரிடம் சட்டத்தைக் காட்டிக் கேட்பார்?

1939ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. கொரோனா காலத்தில் அரசு அதைத்தான் எடுத்துப் பயன்படுத்தியது. தண்டனைப் பிரிவுகளை நினைவில் வைத்த நாம் நிதி ஏற்பாட்டையும் நினைவில் கொண்டு, இன்றைய உள்ளாட்சி அமைப்புக்கு ஏற்பப் புதுப்பிக்க வேண்டும். அதோடு 1908ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் கப்பலோட்டிக்குச் செய்ததை, இந்தக் கரையில் உழைக்கும் அனைவருக்கும் விரிக்க வேண்டும். முத்து போய்விட்டது, கடைசி முத்துக்குளிப்பு 1961இல். துறைமுகம் இருக்கிறது. 1974இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடி வழியே நிலக்கரியும் பெட்டகங்களும் இரவு பகலாகப் போகின்றன. அந்த வருவாயில் ஒரு சிறு பங்கு, வேம்பார் முதல் மணப்பாடு வரையுள்ள சிறு மருத்துவமனைகளுக்கென்று சட்டத்தில் பெயர் சொல்லி ஒதுக்கப்படட்டும்; அதன் கணக்கு ஆண்டுதோறும் அந்தந்த ஊரின் கிராம சபையில் படிக்கப்படட்டும். அரசியின் செருப்புப் பணத்தைத் திருப்பிக் கேட்ட கரைக்கு இதைக் கேட்கும் உரிமை நிச்சயம் உண்டு.

(அடுத்த இதழில்: இலங்கை செல்லும் தொழிலாளரைத் தடுத்து வைத்த தட்டப்பாறை முகாம்)